வீரபாண்டி வெயிலில் போர்பன் சாஸ்

இந்தியாவில் இறங்கியபோது டேலின் பெட்டியில் சட்டை மூன்று, போர்பன் புட்டி இரண்டு, பழுப்புச் சர்க்கரை ஒரு பொட்டலம் இருந்தன. புட்டிகளுக்குக் காலுறை மாட்டி, மேலே சட்டையைச் சுற்றி, நடுவில் பத்திரமாகக் கிடத்தியிருந்தார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி புட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடிக்கவா?"

"இல்ல சார், சமைக்க."

அவருடைய சர்வீஸில் எத்தனையோ பொய் கேட்டிருப்பார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் நான் சொன்னது சத்தியமான உண்மை. அளவுக்குள்தான் இருந்தது என்பதால் விட்டுவிட்டார்.

டேல் என் முதலாளி. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் சாஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய அம்மா வீட்டில் காய்ச்சிய சாஸ்தான் இன்று புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. நான் பாளையங்கோட்டைக்காரி, பெயர் ஸ்டெல்லா. கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. டேலின் கடையில் கடிதப் போக்குவரத்து முழுக்க என் கையில்.

போர்பன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மக்காச்சோளத்தைக் காய்ச்சி, உள்பக்கம் தீயில் கருக்கிய ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் ஊற வைக்கிற விஸ்கி. அந்தப் பக்கத்து வீடுகளில் குடிக்கிறார்களோ இல்லையோ, அடுப்பு மேடையில் எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு புட்டி நிற்கும். வெண்ணெயும் சர்க்கரையும் உருகும்போது ஒரு கோப்பை ஊற்றுவார்கள். குப்பென்று தீப்பிடித்து அடங்கும். போதையில் பெரும்பங்கு ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது மர வாசனையும் கருகிய சர்க்கரை வாசனையும்தான். அதில் காடி என்கிற வினிகரும் மிளகும் சேர்த்தால் கோழிக்கு மேலே பூசலாம். பாலாடை சேர்த்தால் ரொட்டிப் புட்டிங்கின் தலையில் ஊற்றலாம். ஒரே சட்டியில் தொடங்கிக் காரமாகவும் முடியலாம், இனிப்பாகவும் முடியலாம்.

முதல் வருடம் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் வருடம் மட்டன் சுக்காவில் ஒரு கரண்டி விட்டேன். ஐந்தாம் வருடப் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலிலும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் பானையை வழித்துத் தின்றார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு இது இன்று வரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

நாங்கள் புறப்பட்ட காரணம் ஒரு நிறம். கடையின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு டீ-சர்ட் போடலாம், அதுவும் சாஸ் நிறத்திலேயே போடலாம் என்று டேலுக்கு ஆசை வந்தது. டீ-சர்ட் என்றால் திருப்பூர். என் தோழி மூலமாக வீரபாண்டியில் ஒரு யூனிட் கிடைத்தது. சாயம் போடுவது, தைப்பது இரண்டும் அங்கேயே. நிறத்துக்கு மாதிரி கேட்டார்கள். டேல் என்ன செய்தார் என்றால், வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை அம்மாவின் சாஸில் முக்கிக் காய வைத்துக் கூரியரில் அனுப்பினார். கூடவே போன மின்னஞ்சலை நான் எழுதினேன். அந்தக் கொங்கு நாட்டுக் குடும்பத்தாரிடம் "இது சாராயம் ஊற்றிய குழம்பு" என்று எப்படிச் சொல்வது என்று யோசித்து, "நிறத்துக்கு மாதிரித் துணி இணைத்துள்ளோம்" என்று மட்டும் எழுதினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சாயம் போட்ட துண்டுகள் வந்தன. எல்லாம் பிஸ்கட் நிறம். மறுபடி அனுப்பினார்கள். மறுபடி பிஸ்கட். மூன்றாவது முறையும் அதே வெளிறல். டேல் அந்தத் துண்டைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, "அங்கே நிறம் பார்ப்பவருக்குக் கண் தெரியவில்லையா?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கும் அன்று பல்வலி. "நிறம் பார்ப்பவரின் கண்களைத் தயவுசெய்து பரிசோதிக்கவும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். தயவுசெய்து என்று போட்டதால் மரியாதையாகிவிட்டது என்று எனக்கு நினைப்பு.

ஒரு வாரம் கழித்து டேல், "சாஸைப் பார்க்காதவரிடம் சாஸ் நிறம் கேட்டால் எப்படி? நானே போய் அங்கே சமைத்துக் காட்டுகிறேன்" என்றார். அப்படித்தான் காலுறை மாட்டிய புட்டிகளோடு வந்து சேர்ந்தோம்.

முதல் நாள் காலை கோயம்புத்தூரிலிருந்து கார். திருப்பூருக்குள் நுழைந்ததும் டேல் ஜன்னலிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. டீக்கடைக்காரர் அணிந்திருந்த பனியனில் ஏதோ அமெரிக்கப் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணி என்று இருந்தது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர் நெதர்லாந்து நாட்டு மிதிவண்டிச் சங்கத்தில் உறுப்பினர். ஏற்றுமதியில் மிஞ்சியதெல்லாம் ஊர் முதுகில் நடமாடுகிறது. "உலகத்தில் இருக்கிற எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்றார் டேல்.

வீரபாண்டியில் யூனிட் வாசலிலேயே சரஸ்வதி அக்கா நின்றிருந்தார். யூனிட்டின் முதலாளி அவர்தான். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, காதில் செல்போன், கையில் துணிக் கத்தரி. வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், யூனிட்டை இவர். ஒரு கையால் கும்பிட்டு, மறுகையால் டேலின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். அழுக்கோ தூசியோ கண்ணில் பட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"வாங்க, வாங்க. ஒறம்பரை வர்ற நேரத்துல கரண்டு போயிருச்சுங்க. மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாமுங்க."

அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். டேல் மூன்று முறை வாங்கினார். நான்காவது முறை அவர் கையால் தடுத்தபோது அக்கா கைக்கு மேலேயே ஒரு கரண்டி வைக்கப் பார்த்தார். எனக்கு வேறு கஷ்டம். நான் "போதும்க்கா, வைக்காதீய" என்று எங்கள் ஊர் வழக்கில் சொன்னதும் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனம்மிணி, கோவமா இருக்கறீங்களா?"

"இல்லக்கா, எங்க ஊர்ல பேச்சே அப்படித்தான்."

"எனக்குப் பக்குன்னு ஆயிப்போச்சுங்க."

சாப்பிட்டு முடித்ததும் நிறம் பார்ப்பவரைக் கேட்டோம். ரங்கசாமி மாஸ்டர். இருபத்தேழு வருடமாகச் சாயப் பட்டறையில் இருப்பவர். இந்த வட்டாரத்தில் யாருக்காவது ஷேடில் சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்களாம்.

"மாஸ்டர் இன்னிக்குக் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்கறாருங்க" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "நீங்க மெயில்ல எழுதியிருந்தீங்கல்ல? அதைப் படிச்சதுல இருந்து மனுசன் சரியாச் சாப்பிடறதில்லீங்க. 'எனக்கு அதுவும் இதுவும் ஒண்ணாத்தான் தெரியுது, அவுங்க இல்லைங்கறாங்க, அப்ப எங்கண்ணுதான் போச்சு'ங்கறாரு. நாலாவது வாட்டியும் தப்பிப் போச்சுன்னா இனிமே ஷேடு பாக்கறதில்லைன்னு சொல்லிட்டாருங்க."

டேல் என்னவென்று கேட்டார். கத்தரிக்காயைப் பற்றி என்று சொல்லிவிட்டேன். ஒரு பல்வலியில் எழுதிய வரி ஒரு மனிதரைக் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது. பதினோரு வருடக் கடிதப் போக்குவரத்தில் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

சமைத்துக் காட்டுவதைப் பற்றி அன்று மாலை பேசினோம். புட்டியைப் பார்த்ததும் அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் வீட்டில் அந்தச் சங்கதி வாசப்படி தாண்டியதில்லை. தம்பி கல்யாணத்துக்கே ஒளித்துக் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர்.

"சமையலுக்குத்தானுங்களா? சத்தியமா?"

"சத்தியமா அக்கா."

"அப்ப ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க. யூனிட்டுப் பொடக்காளியில டீ போடற அடுப்பு இருக்குது. அங்க வெச்சுக்கலாமுங்க. ஆமா, ஆம்பளை அவரு சமைப்பாருங்களா?"

சமைப்பார் என்றேன். பக்கத்தில் நின்றிருந்த அக்காவின் வீட்டுக்காரர் அதுவரை டேலிடம் மிகுந்த மரியாதையோடு இருந்தவர், இந்தத் தகவலுக்குப் பிறகு கொஞ்சம் தள்ளியே நின்றார்.

இரண்டாம் நாள் குண்டடம். அக்காவின் பிறந்த வீடு அங்கே. கோழி வேண்டும் என்றதும் பிராய்லர் பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. "ஒறம்பரைக்கு எங்க அம்மா ஊட்டுக் கோழிதானுங்க" என்று தானே காரில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் காற்றாலைகள். வறண்ட காட்டுக்கு நடுவில் திடீரென்று ஒரு பச்சைத் தென்னந்தோப்பு. டேலுக்கு அவருடைய ஊர்ச் சோளக்காட்டு வானத்தை விட இந்த வானம் பெரிதாகத் தெரிந்ததாம். கோழி மூன்று, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு பை, நாட்டுச்சர்க்கரை ஒரு தூக்கு, இருபது தேங்காய். போதும் என்று சொல்லச் சொல்ல ஏற்றினார்கள்.

திரும்பும்போது காரின் பெல்ட் அறுந்தது. நட்ட நடு ரோடு, நல்ல வெயில். டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரிய வேலைங்க" என்று ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் தேங்காய் ஏற்றி வந்த குட்டியானை வண்டியை அக்கா கை காட்டி நிறுத்தினார். முன் இருக்கையில் அக்காவும் நானும். டேல் பின்னால் தேங்காய்க் குவியல் மேல், மடியில் கோழிக் கூடையோடு. ஆறடி இரண்டங்குல மனிதர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கோழிகள் ஒரு சத்தம் போட்டன, அவர் ஒரு சத்தம் போட்டார்.

பல்லடம் அருகே ஒரு டவுன் பஸ் எங்களை ஒட்டி வந்தது. ஜன்னலோரப் பெண்மணி உள்ளே திரும்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, வெள்ளக்காரரு ஒருத்தரு கோழி யாவாரத்துக்கு வந்திருக்கறாருங்க!"

"பாவமுங்க, அங்கயும் என்ன கஷ்டமோ."

இதை டேலுக்கு மொழிபெயர்த்தபோது அவர் சிரித்த சிரிப்பில் ஒரு தேங்காய் உருண்டு ரோட்டில் விழுந்தது. என் சிரிப்பு பாதியில் நின்றது. மறுநாள் மாஸ்டரைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாம் நாள் காலையில் அவர் வந்தார். ஒல்லியான மனிதர். விரல் நகங்களில் நீலமும் சிவப்பும் கலந்த பழைய சாயம். கண்ணாடி இல்லை. கையில் காகித உறை.

"டாக்டர் என்ன சொன்னாருங்க மாஸ்டர்?" என்று அக்கா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்றாருங்க. மருந்து ஊத்திப் பாத்தாரு, லைட் அடிச்சுப் பாத்தாரு. ஒரு கோளாறும் இல்லீங்களாமா." சற்று நிறுத்திவிட்டு, "அவருக்கு என்னங்க தெரியும், அவரு எழுத்தைத்தானே படிக்கச் சொல்றாரு. ஷேடு பாக்கச் சொன்னாருங்களா?" என்றார்.

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

பொடக்காளி என்பது யூனிட்டின் பின்பக்க முற்றம். ஒரு வேப்பமரம், காயும் துணிகள், டீ அடுப்பு. தையல் பிரிவுப் பெண்கள் ஜன்னலில் மூன்று வரிசையாக நின்றார்கள். டேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு கோழியை வெண்ணெயில் வறுக்கத் தொடங்கினார். கென்டக்கிக் கோழி இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். குண்டடத்துக் கோழி ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் முள்கரண்டியை உள்ளே விடவில்லை. டேல் முள்கரண்டியைப் பார்த்தார். அது வளைந்திருந்தது.

"ஓடியாடித் திரிஞ்ச கோழிங்க அது. இப்படிக் கொஞ்சினா வேகாது" என்று அக்கா எல்லாவற்றையும் வாரி குக்கரில் போட்டு, சின்ன வெங்காயம் ஒரு கை, இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டு மூடினார். ஏழு விசில். பக்கத்தில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

இப்போது சாஸ். வெண்ணெய் உருகியது. கொண்டுவந்த பழுப்புச் சர்க்கரை கரைந்து நுரைத்தது. டேல் ஒரு கோப்பை போர்பனை ஊற்றினார். குப்பென்று நீலமும் மஞ்சளுமாகத் தீ எழுந்தது. ஜன்னலில் ஒரே கூச்சல். அக்கா "சாமீ!" என்று என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. தீ தானாக அடங்கியது. பிறகு காடி, மிளகு. வெல்லப்பாகும் மழையில் நனைந்த மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை முற்றமெங்கும் பரவ, பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளி வாசலில் வந்து நின்று, இதை ரொட்டியில் தொட்டுக்கொள்ள முடியுமா என்று இந்தியில் விசாரித்தார்.

சாஸ் கெட்டிப்பட்டு அந்த நிறத்துக்கு வந்தது. பழுப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அடியில் சிவப்பு, விளிம்பில் தேன் நிறம். டேல் சட்டியை இறக்கி, "இதுதான். மாஸ்டருக்குச் சொல்லுங்கள், இதுதான்" என்றார்.

நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க யூனிட்டின் லேபில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே பகல் வெளிச்சத்துக்குச் சமமான விளக்கு எரியும். சட்டியைத் தூக்கிக்கொண்டு லேபுக்குள் போனோம். போனதும் கரண்டு போயிற்று. மாஸ்டர் வெளியே வந்து, வெயில் நேராக விழும் துவைகல் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தார். சட்டியை அதன்மேல் வைக்கச் சொன்னார். காகித உறையைத் திறந்து, முதலில் தன்னுடைய மூன்று துண்டுகளையும் வைத்தார். பிறகு மாதிரித் துணியை வைத்தார்.

நான்கும் ஒரே நிறம். பிஸ்கட். சட்டியில் இருந்தது முற்றிலும் வேறு.

"பாருங்க, எனக்கு இது நாலும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் மாஸ்டர். "உங்களுக்கு எப்படித் தெரியுதுங்க?"

டேல் குனிந்து மாதிரித் துணியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "ஓரத்தில் நான் பல்பல்லாக வெட்டிய அடையாளம் இருக்கிறது. துணி என்னுடையதுதான். ஆனால் நிறம் இது இல்லையே. நான் அனுப்பியது அந்தச் சட்டியில் இருக்கிற நிறம். இதற்கு என்ன ஆயிற்று?" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். துணி அவர் பொறுப்பில் இருந்தது. அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது குக்கர் பக்கத்தில் கரண்டி கீழே விழுந்தது.

"நான்தானுங்க" என்றார் சரஸ்வதி அக்கா. முகம் வெளுத்திருந்தது. "நான்தானுங்க துவைச்சேன்."

"என்ன அக்கா?"

"கூரியரைப் பிரிச்சா எறும்பு மொய்ச்சுக் கெடக்குதுங்க. துணி பிசுபிசுங்குது, சாராய வாடை வேற குடலைப் பொரட்டுது. வழியில யாரோ எதையோ கொட்டிட்டாங்கன்னு நெனச்சேனுங்க. அந்தத் துணியை எப்படீங்க மாஸ்டர் கையில குடுக்கறது? அவரு குடிக்கறவங்க பக்கத்துல கூட நிக்க மாட்டாருங்க. அதான் சோப்புப் போட்டு நல்லா அலசி, நெழல்ல காயப் போட்டு, இஸ்திரி போட்டுக் குடுத்தேனுங்க." கண்ணில் தண்ணீர் நின்றது. "கறை போவோணும்னு ரெண்டு தடவை துவைச்சேனுங்க."

சாஸில் முக்கிய துணியைத் துவைத்து, சாஸைச் சாக்கடையில் விட்டு, மிச்சமிருந்த வெளிறலை மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறார். மாஸ்டர் அந்த வெளிறலை மூன்று முறையும் இம்மி பிசகாமல் பிடித்திருக்கிறார். உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி ஒரு தப்பு நடக்காது. வாடிக்கையாளர் அனுப்பிய துணி அழுக்காயிருக்கிறதே என்று துவைத்துத் தேய்த்து வைக்கிற மனசு வேறு எந்த ஊரில் இருக்கிறது?

நானும் ஒத்துக்கொண்டேன். "அக்கா மேல தப்பே கிடையாது. துணியில இருக்கது சாஸுன்னு நான் எழுதல. சாராயம்னா கோவப்படுவீங்கன்னு மறைச்சிட்டேன். கண்ணைப் பத்தி எழுதுனதும் நாந்தான். மன்னிச்சிருங்க மாஸ்டர்." இதை டேலுக்கும் சொன்னேன். ஒரு மின்னஞ்சலில் இருந்த எல்லாக் குற்றத்தையும் இரண்டு மொழியில் ஒப்புக்கொண்டது எனக்கு அதுதான் முதல் முறை.

டேல் முதலில் முழித்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அக்காவைக் கட்டிப் பிடித்திருப்பாள் என்றார். அவளும் அழுக்கைக் கண்டால் விடமாட்டாளாம். ஜன்னலில் இருந்த பெண்கள் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள், தெரிந்ததும் இன்னும் சிரித்தார்கள். கடைசியில் அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணி ஒரு முழம் கேட்டார். அதைச் சாஸில் முக்கி, பிழிந்து, வெயிலில் பிடித்தபடி நின்றார். "இதை யாரும் துவைக்காம இருந்தீங்கன்னா நாளைக்குக் காலைல ஷேடு தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு லேபுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நாங்கள் கோழி தின்றோம். குக்கரில் வெந்த கோழியின் மேல் சாஸைப் பூசி டேல் மறுபடி வாட்டினார். வெளியே இனிப்பும் மிளகும், உள்ளே சின்ன வெங்காயம். கிழங்கை மசித்து அதிலும் ஒரு கரண்டி. அக்கா நெடுநேரம் வெறும் கிழங்கையே தின்றுகொண்டிருந்தார். பிறகு, "துவைச்ச பாவத்துக்கு இதாவது செய்யோணுமுங்க" என்று சுண்டுவிரல் நுனியில் சாஸைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். மறுபடி தொட்டார். மூன்றாவது முறை கரண்டி எடுத்தார்.

"இது சந்தகைக்கு நல்லா இருக்குமுங்க" என்றார்.

நான்காம் நாள். சந்தகை என்பது கொங்கு நாட்டு இடியாப்பம் மாதிரி. வெந்த மாவைச் சுடச் சுடப் பிழிந்து, வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பாலாடைக்குப் பதில் குண்டடத்துத் தேங்காய்ப்பால் என்று அக்காவும் டேலும் கை ஜாடையிலேயே முடிவு செய்துகொண்டார்கள். என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் சந்தகைக் கட்டையை அழுத்திப் பிழிந்தார். ஆண்கள் சமைக்கலாம் என்று அவருக்கும் தோன்றிவிட்டது போலிருக்கிறது.

டேலிடம் பழுப்புச் சர்க்கரை தீர்ந்துவிட்டிருந்தது. அக்கா நாட்டுச்சர்க்கரைத் தூக்கை நீட்டினார். அதைப் போட்டே இரண்டாவது சட்டி சாஸ் தயாரானது. பாதியைத் தேங்காய்ப்பாலுக்கு ஊற்றிவிட்டு, பாதியை அப்படியே துவைகல் மேல் வைத்தோம்.

அப்போது லேப் கதவு திறந்தது. கரண்டும் இருந்தது. லைட் பாக்ஸுக்குள் இரண்டு துண்டுகள். ஒன்று நேற்று சாஸில் முக்கியது. இன்னொன்று மாஸ்டர் சாயம் போட்டது. டேல் குனிந்து பார்த்தார், விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தார், எடுத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினார். கடைசியில் எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. மோந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். பேனாவை எடுத்து, நிறம் சரி என்கிற ஒப்புதல் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாஸ்டரின் சாயம் படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது" என்றார். நான் ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"பரவாயில்லீங்க" என்றார் மாஸ்டர். ஆனால் முகத்தில் இன்னும் தெளிவில்லை. துணி பார்த்துத் துணிக்குச் சாயம் போட்டாயிற்று. கண் தப்பவில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். சந்தகையின் மேல் போர்பன் தேங்காய்ப்பால் வழிந்தது. பதினோரு வருடத்தில் நான் செய்த எந்தப் பலகாரமும் அதற்குக் கிட்டே வராது. அக்கா டேலின் தட்டில் நான்காவது முறை வைத்தார். இந்த முறை டேல் தடுக்கவில்லை. மாஸ்டருக்கு மட்டும் தனியாக வெறும் தேங்காய்ப்பாலும் வெல்லமும். இந்தச் சாஸை அவர் வாயில் வைக்கமாட்டார், யாரும் வற்புறுத்தவும் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போனவர் துவைகல்லைக் கடக்கும்போது நின்றார். பத்தடி தள்ளி இருந்த சட்டியைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க, இது நேத்து வெச்சது இல்லீங்களே?"

"ஏன் மாஸ்டர்?" என்றார் அக்கா.

"செவப்பு ஏறியிருக்குதுங்க. நேத்து சட்டியில இவ்வளவு செவப்பு இல்ல. அடுப்பைக் கூட்டி வெச்சதால வந்ததும் இல்ல, அப்படின்னா கருப்புத் தட்டும். உள்ள போட்ட சாமானே வேறங்க."

அக்கா வாயில் சந்தகையோடு நாட்டுச்சர்க்கரைத் தூக்கைக் காட்டினார். டேல் என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

ரங்கசாமி மாஸ்டர் அந்தச் சட்டியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பார்த்த இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

"டாக்டர் சொன்னது நெசந்தானுங்க, அம்மிணி."